பழைய பந்தய சைக்கிள் மந்தமாக ஓடுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது எப்படி

மெலிந்த எஃகுக் குழாய்கள், வளைந்த ஹேண்டில்பார், கீழ்க்குழாயில் இரண்டு கியர் நெம்புகோல்கள். நிற்கும்போதே பறக்கிற மாதிரி இருக்கும். ஏறி மிதித்தால் மணலில் ஓட்டுவதுபோல் இழுக்கிறது. "பழைய வண்டி, வேறு எப்படி இருக்கும்" என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

வயதின் மேல் பழி போடாதீர்கள். 1972இல் பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் எஃகு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார். 2000இல், அந்தக் காலத்து பாணி வண்டியில்தான் ஓட்ட வேண்டும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டு பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் போர்ட்மன் ஓட்டியது 49.441 கி.மீ. 28 வருடத்துக்கு வெறும் 10 மீட்டர். எடையும் பெரிய காரணம் இல்லை. 1970களின் நல்ல பந்தய வண்டி 10 கிலோ அளவில் இருக்கும். இன்றைய பந்தயங்களில் அனுமதிக்கப்படும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ. ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்றால் இந்த வித்தியாசம் நாலு சதவீதம். ஏற்றத்தில் உணரலாம், சமதளத்தில் தேடினாலும் கிடைக்காது. ஆகவே உங்கள் வண்டி இழுக்கிறது என்றால் எதுவோ ஒன்று இழுக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. எடுத்த எடுப்பில் ஹப்பை (சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் குடம்) பிரிக்காதீர்கள். வண்டி கனமாக இருக்கிறது என்றதும் எல்லோருடைய கையும் ஸ்பேனரைத் தேடிப் போகும். கிரீஸ் போட்டு ஓவராயில் பண்ணினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நானும் அப்படித்தான் பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை

லேசான சரிவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காற்று இல்லாத நேரம். ஓர் அடையாளத்திலிருந்து மிதிக்காமல் வண்டியை விடுங்கள், எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்யுங்கள். நன்றாக ஓடும் வேறு சைக்கிள் இருந்தால் அதிலும் அதே உடை, அதே உட்காரும் விதத்தில் செய்து பாருங்கள்.

மிதிக்காமல் விட்டபோதே வண்டி சீக்கிரம் நின்றுவிட்டால் கோளாறு உருளும் பக்கத்தில்: டயர், பிரேக், ஹப், சக்கரம் உட்கார்ந்திருக்கும் விதம். உருளும்போது ஒழுங்காக ஓடி, மிதிக்கும்போது மட்டும் கனமாக இருந்தால் செயின், பெடல், கியர், இருக்கை உயரம் என்று தேட வேண்டும். இந்த ஒரு பிரிவினையே பாதி வேலை. குறித்த இடத்தை அழிக்காமல் வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கு அப்புறமும் அங்கே திரும்பிப் போக வேண்டியிருக்கும். மனம் ஏமாறும். துடைத்துப் பளபளப்பாக்கிய வண்டி வேகமாக ஓடுவதுபோலவே தோன்றும்.

மிதிக்காமல் விட்டாலும் சீக்கிரம் நின்றுவிடுகிறது

பத்தில் எட்டு முறை காரணம் டயர். இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் டயர் பார்க்கச் சாதுவாக இருக்கும். கையால் சுற்றினால் சக்கரம் அருமையாகச் சுற்றும். ஆனால் கையால் சுற்றும்போது டயர் தரையைத் தொடவில்லை, அதன்மேல் உங்கள் எடையும் இல்லை. டயர் சக்தியைத் தின்பது தரையில் அழுந்தி, நசுங்கி, மறுபடி விரியும்போதுதான். நசுக்குவதற்குக் கொடுத்த சக்தி முழுவதும் திரும்பி வராது. கொஞ்சம் சூடாகப் போய்விடும். ரப்பரும் உள்ளே இருக்கும் நூல்துணியும் எவ்வளவு விறைப்போ அவ்வளவு நஷ்டம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்த எடை 80 கிலோ, வேகம் மணிக்கு 25 கி.மீ. நல்ல டயரின் உருளல் எதிர்ப்பு எண் 0.005 என்றால் அதற்குச் செலவாவது 27 வாட். காய்ந்து விறைத்த மலிவு டயருக்கு 0.009 என்று வைத்தால் 49 வாட். வித்தியாசம் 22 வாட். சரியாக அமைத்த ஹப் பேரிங்குகள் தின்பது ஓரிரு வாட்டுக்கு மேல் போகாது. எதை முதலில் பார்க்க வேண்டும் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

டயரின் பக்கச் சுவரை விரலால் கிள்ளிப் பாருங்கள். நல்ல டயர் துணிபோல் மடங்கும். கெட்டது அட்டைபோல் நிற்கும். காற்றை இறக்கிவிட்டு மடித்தால் வெடிப்புகள் தெரியும். மேல்பரப்பு தேயவே இல்லையே என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். இருபது வருடம் மாட்டியே நின்ற வண்டியில் டயர் தேயாது, ஆனால் காய்ந்திருக்கும். அது வேகத்துக்கு மட்டும் அல்ல, உயிருக்கும் ஆபத்து. உள்ளே தடித்த பஞ்சர் தடுப்பு டியூபோ பிளாஸ்டிக் பட்டையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ முன்னாள் உரிமையாளர் நல்லெண்ணத்தில் போட்டிருப்பார். வண்டியின் துள்ளல் எல்லாம் அதற்குள் புதைந்து கிடக்கும்.

புது டயர் வாங்கும் முன் ரிம்மின் அளவைச் சரிபாருங்கள். பழைய வண்டிகளில் 27 அங்குல ரிம்மும் வரும், 700சி ரிம்மும் வரும். பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும், டயர் மாறிப் பொருந்தாது. டயர் உட்காரும் விட்டம் 27 அங்குலத்துக்கு 630 மி.மீ., 700சிக்கு 622 மி.மீ. நல்ல டயர் வகைகள் அதிகம் கிடைப்பது 700சியில்தான். ஆகவே 27 அங்குல வண்டிக்காரர்கள் பலர் சக்கரத்தையே மாற்றுகிறார்கள். விட்டம் 8 மி.மீ. குறைந்தால் ரிம் நாலு மி.மீ. கீழே இறங்கும், பிரேக் கட்டையும் அவ்வளவு இறங்கி எட்டுமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பசை போட்டு ஒட்டும் குழல் டயர் ரிம் உங்களுடையது என்றால் அதில் சாதாரண டயர் ஏறாது. நல்ல குழல் டயர் அற்புதமாக உருளும். பழைய பசையை மட்டும் நம்பாதீர்கள்.

காற்று. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அளவு ஆகாது. மீட்டர் உள்ள பம்பு வேண்டும். லேடெக்ஸ் டியூப் என்றால் நேற்று அடித்த காற்று இன்று கணிசமாக இறங்கியிருக்கும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அடிக்க வேண்டும். அதற்காகக் கல்லுபோல் அடிப்பதும் தப்பு. சொரசொரப்பான ரோட்டில் மிகக் கடினமான டயர் வண்டியையும் ஆளையும் உதறும், அந்த உதறலில் சக்தி வீணாகும். ஆனால் கைக்கு வரும் அதிர்வை மூளை "வேகம்" என்று எடுத்துக்கொள்கிறது! மறுபுறம், அகலமான 28 மி.மீ. டயருக்கு மாறியவர்கள் சிலர் "மந்தமாகிவிட்டது" என்பார்கள். அதிர்வு போய்விட்டது, அவ்வளவுதான். சரிவுச் சோதனையில் அடையாளத்தைத் தாண்டிப் போய் நிற்பார்கள். இன்னொன்று: பழைய ரிம் சிலவற்றில் டயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி போன்ற உதடு இருக்காது. அப்படிப்பட்ட ரிம்மில் அதிக அழுத்தம் ஏற்றினால் டயர் கழன்று தெறிக்கும்.

டயர் நல்லது, ஆனாலும் இழுக்கிறது

பிரேக்கைப் பாருங்கள். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, காதை ரிம்முக்கு அருகே வையுங்கள். "ஸ்ஸ்… ஸ்ஸ்" என்று விட்டுவிட்டுக் கேட்டால் சக்கரத்தில் கோட்டம்; தொடர்ந்து கேட்டால் கட்டை ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிம்மில் வெறும் 200 கிராம் எடை அளவுக்கு உரசல் இருந்தாலே 25 கி.மீ. வேகத்தில் 14 வாட் போய்விடும். பிரேக்கைத் தொடாதபோது கேட்காத உரசலும் உண்டு: பிரேக்கை ஒருமுறை பிடித்து விட்ட பிறகு கட்டை முழுதாகத் திரும்பாது. அதனால் சோதனைக்கு முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து விடுங்கள். திரும்பவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி பிரேக் அல்ல, உறைக்குள் துருப்பிடித்த கம்பி. கம்பியைக் கழற்றிவிட்டுப் பிரேக்கைக் கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள். அது துள்ளித் திரும்பினால் கம்பியையும் உறையையும் மாற்றினால் போதும்.

அடுத்து ஹப். வால்வு பக்கவாட்டில், கடிகாரத்தின் மூன்று மணி இடத்தில் இருக்கும்படி முன்சக்கரத்தை நிறுத்திக் கையை எடுங்கள். சரியான பேரிங் என்றால் வால்வின் எடையே சக்கரத்தைக் கீழே இழுக்கும். தாண்டிப் போய், திரும்பி வந்து, ஊஞ்சல்போல் ஆடி அடங்கும். பாதி வழியில் நின்றுவிட்டால் கோன் (பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) இறுக்கம், அல்லது கிரீஸ் மெழுகாகக் கட்டிப்போயிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலை (நடு அச்சை) விரல் நுனியால் திருகுங்கள். மணல் அரைபடும் உணர்வு இருந்தால் பிரிக்க வேண்டியதுதான். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது பால்ஸ் இருக்கும், ஒவ்வொன்றும் கால் அங்குலம். முன் ஹப்பில் அளவு வண்டிக்கு வண்டி மாறும், எடுக்கும்போதே எண்ணி, ஒன்றைக் கையோடு மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய பால்ஸைத் துடைத்துப் போடாமல் புதிதாகப் போடுங்கள். கோனில் குழி விழுந்திருந்தால் அதையும்.

குயிக் ரிலீஸ் (ஸ்பேனர் இல்லாமல் நெம்புகோலால் சக்கரத்தை இறுக்கும் கம்பி) உள்ள ஹப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நெம்புகோலை மூடும்போது அந்த அழுத்தத்தில் ஆக்சில் மயிரிழை சுருங்கும். கையில் வைத்து ஆட்டமே இல்லாமல் அழகாகக் கோன் இறுக்கியிருந்தால், வண்டியில் மாட்டி மூடியதும் அது அதிக இறுக்கமாகிவிடும். எனவே கையில் இருக்கும்போது துளி ஆட்டம் இருக்க வேண்டும். மூடிய பிறகு ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் அந்த ஆட்டம் மறைந்திருக்க வேண்டும். இதை அறியாமல் கிரீஸ் போட்ட புது ஹப்பையே முறுக்கிக் கெடுத்தவர்கள் நிறைய. அந்தப் பட்டியலில் எனக்கும் இடம் உண்டு.

அழுத்தி மிதித்தால் மட்டும் உரசுகிறது

சமதளத்தில் ஒன்றும் இல்லை, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் எதுவோ பிடிக்கிறது. இறங்கித் தேடினால் எல்லாம் சரியாக இருக்கும். பழைய பந்தய வண்டிகளுக்கே உரிய வியாதி இது. அவற்றின் பின் டிராப்அவுட் (ஃபிரேமில் ஆக்சில் உட்காரும் பிளவு) கிடைமட்டமாக நீண்டிருக்கும். சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தலாம். குயிக் ரிலீஸ் போதுமான இறுக்கத்தில் இல்லை என்றால், செயின் இழுக்கிற இழுப்பில் ஆக்சிலின் வலது முனை முன்னே நகரும். உடனே டயரின் முன்பக்கம் இடதுபுறம் சாய்ந்து இடது செயின்ஸ்டேயை (பெடல் பக்கத்திலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்) தேய்க்கும். அந்தக் குழாயின் உட்புறம் பெயின்ட் தேய்ந்து பளபளக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் கேஸ் முடிந்தது.

சரி, இறுக்கியும் சக்கரம் மாறி மாறிச் சாய்கிறதா? ஆக்சிலைச் சந்தேகியுங்கள். என்னுடைய வண்டி ஒன்றில் பின்சக்கரத்தை இரண்டு மாதத்தில் மூன்று முறை கோட்டம் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு பழைய கதை. ஸ்போக்ஸ் மேல் கோபம், ரிம் மேல் கோபம். கடைசியில் பேரிங் பார்க்கலாம் என்று குயிக் ரிலீஸ் கம்பியை உருவினேன். ஆக்சில் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. உள்ளே போகும் மெல்லிய கம்பிதான் அத்தனை நாளும் இரு துண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது! திருகி மாட்டும் ஃப்ரீவீல் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) உள்ள ஹப்பில் வலதுபக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு வெளியே நீண்டிருக்கும் ஆக்சில் துண்டுக்குத் தாங்கல் இல்லை. அதனால் அங்கே வளைவதும் உடைவதும் சகஜம். சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலைச் சுற்றும்போது முனை வட்டமடித்து ஆடினால் வளைந்திருக்கிறது, மாற்றுங்கள்.

உருளும்போது நன்றாக ஓடுகிறது, மிதித்தால் கனம்

செயினை முன் பல்வளையத்திலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு கிராங்கை (பெடல் மாட்டிய கை) கையால் சுற்றுங்கள். கரகரப்பு, இறுக்கம், ஒரு இடத்தில் மட்டும் பிடிப்பு என்றால் பாட்டம் பிராக்கெட் (கிராங்கின் அச்சு சுழலும் பேரிங்). பெடல்களையும் தனித்தனியாகச் சுற்றிப் பாருங்கள். பெடலை யாரும் பிரிப்பதே இல்லை. நாற்பது வருடத்துக் கிரீஸ் உள்ளே கல்லாகி உட்கார்ந்திருக்கும். கழற்றும்போது ஞாபகம்: இடது பெடலின் மரை தலைகீழ். பாட்டம் பிராக்கெட்டில் ஆங்கில வகை என்றால் வலதுபக்கக் கப்பின் மரை தலைகீழ். இத்தாலிய, பிரெஞ்சு வகைகளில் இரு பக்கமும் நேர் மரை. எந்த வகை என்று தெரியாமல் பலம் காட்டினால் ஃபிரேமே போய்விடும்.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு அடி ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து (கண்ணிகளை இணைக்கும் ஊசி) அதற்கடுத்த 24ஆவது பின்வரை சரியாக 12 அங்குலம். ஸ்கேலின் தொடக்கத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். 12 அங்குலத்தில் வர வேண்டிய பின் பதினாறில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு அங்குலம் என்றால் ஃப்ரீவீல் பற்களும் போயிருக்கும். செயினை மட்டும் மாற்றினால் வழுக்கும். ஆனால் ஒன்று: தேய்ந்த செயின் சத்தம் போடும், பல்லைத் தின்னும், கனமாக்குவது குறைவுதான். கனமாக்குவது காய்ந்த செயின். எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, வெளியே இருப்பதைத் துடைத்துவிடுங்கள்.

சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் மட்டும் என்றால் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி பின் டெரெய்லரை (கியர் மாற்றச் செயினைத் தள்ளும் கருவி) கவனியுங்கள். இறுகிய கண்ணி கடக்கும்போது அது குதிக்கும். அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் லேசாக வளைத்து நெகிழ்த்தினால் போதும். கிளிக் இல்லாத பழைய கியர் நெம்புகோல்களில் வேறொரு தொல்லை: கியர் பாதியில் நிற்கும். செயின் முன் டெரெய்லர் கூண்டில் உரசிக்கொண்டே போகும். நெம்புகோலைக் காதால் கேட்டு மயிரிழை நகர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்தில் கை தானாகச் செய்யும்.

வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை, ஏற்றத்தில் மட்டும் உயிர் போகிறது

அப்படியென்றால் கியர் விகிதம். இந்த வண்டிகள் பந்தயக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. முன்னால் 52, 42 பற்கள், பின்னால் பெரியது 21 பற்கள் என்பது சர்வ சாதாரணம். 42க்கு 21 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டு சுற்று, வண்டி 4.2 மீட்டர் நகரும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 40 மிதி. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கனமாக மிதித்தால் முழங்கால்தான் முதலில் பேசும். இன்றைய வண்டியில் 34க்கு 32 போட்டு ஏறுபவர் ஒரு மிதிக்கு 2.2 மீட்டர்தான் நகர்கிறார். அந்த வண்டியிலிருந்து இறங்கி இதில் ஏறினால் மந்தம் என்று தோன்றாமல் வேறென்ன தோன்றும்?

முன்னால் சின்ன வளையம் போடலாம் என்றால், வளையத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளின் வட்டம் 144 மி.மீ. உள்ள பழைய கிராங்கில் 41 பற்களுக்குக் கீழே வளையம் பொருந்தாது. சுலபமான வழி 28 பல் வரை உள்ள ஃப்ரீவீல். பின் டெரெய்லரின் கை அதற்கு எட்டுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், பழைய பந்தய டெரெய்லர்கள் பெரிய பல்சக்கரத்தை விரும்புவதில்லை.

நேராகப் போகவே மனமில்லாத வண்டி

கையை லேசாக்கினால் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஹேண்டில்பார் நடுவில் "டக்" என்று உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் உட்கார்ந்தால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) கிண்ணத்தில் குழி. ஓட்டும்போது ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்வீர்கள், அந்தச் சோர்வை வண்டியின் கனம் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஹெட்செட்டை மாற்றுவதே ஒழுங்கான தீர்வு.

ஒரு பக்கம் இழுத்தால் ஃபிரேமைப் பாருங்கள். பின் டிராப்அவுட் ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றி, மறு டிராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இருக்கை தாங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு, மூன்று மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பின்பகுதி கோணியிருக்கிறது. எஃகு என்பதால் தெரிந்தவர் கையில் கொடுத்தால் நேராக்கிவிடலாம். ஆனால் ஹெட் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்புறத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் சுருக்கம் தட்டுப்பட்டால் அந்த வண்டி எதிலோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. அதில் வேகத்தைத் தேட வேண்டாம்.

கிளம்பும்போது சரி, ஒரு மணி நேரத்தில் கனம்

களைப்பு என்றுதான் முதலில் நினைப்போம். மெதுவான பஞ்சரா என்று இறங்கி டயரை அழுத்திப் பாருங்கள். அது இல்லை என்றால் இருக்கைத் தண்டு. பழைய ஃபிரேம்களில் தண்டின் விட்டம் 26.2, 26.8, 27.2 மி.மீ. என்று சின்னச் சின்ன வித்தியாசங்களில் வரும். அளவு குறைந்த தண்டைப் போட்டு போல்ட்டை முறுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது மயிரிழை இறங்கும். இரண்டு சென்டிமீட்டர் இறங்கும்வரை உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கால் முழுதாக நீளாமல், தொடையில் மட்டும் எரிச்சல் ஏறும். தண்டு ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வரும்போது டேப் சுருண்டு மேலே ஒதுங்கியிருந்தால், சரியான அளவுத் தண்டைத் தேட வேண்டியதுதான்.